ரீலோடு தோட்டாவை நம்பி மேட்ச் சுடலாமா?

வணக்கம் மக்களே. ரீலோடு தோட்டா, அதாவது ஒரு தடவை சுட்ட கேஸில் மறுபடி மருந்து போட்டுச் செய்த தோட்டா, தரமா இல்லையா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். என் பதில் இதுதான்: யார் போட்டது, கேஸ் எங்கிருந்து வந்தது, இந்த இரண்டும் தெரிந்தால் நம்பலாம், தெரியாவிட்டால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். நான் டெக்சாஸில் சுடுகிறேன், அதனால் அமெரிக்க நிலவரத்தை வைத்துத்தான் பேசுவேன்.

தோட்டாவில் நாலு சாமான்: பித்தளைக் கேஸ், பிரைமர் (அடியில் இருக்கும், தட்டியதும் பொறி கிளப்பும் சின்னக் குப்பி), பவுடர் (வெடிமருந்து), புல்லட் (பறந்து போகும் குண்டு). ரீலோடில் பின்னால் வரும் மூன்றும் புதுசு, கேஸ் மட்டும் பழசு. பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். ரைபிள் கேஸைத் திரும்பத் திரும்பச் சுட்டு, டையில் (கேஸை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) சைஸ் பண்ணிக்கொண்டே இருந்தால் பித்தளை கழுத்துப் பக்கம் நகர்ந்து அடிப்பக்கச் சுவர் மெலிந்துவிடும். கேஸை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், அடி விளிம்புக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறதா? சில சமயம் அது வெறும் டை உரசிய தடமாகவும் இருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியைக் கொக்கியாக வளைத்து, உள்ளே விட்டுச் சுவரோடு இழுங்கள். பள்ளத்தில் தட்டினால் அந்தக் கேஸ் குப்பைக்கு, யோசிக்கவே வேண்டாம், அடுத்த தடவை அது அந்த இடத்திலேயே இரண்டாகப் பிரியலாம்.

பிஸ்டல், ரிவால்வரில் பயமே வேறு. பாயிண்ட் 38 ஸ்பெஷல் என்கிற ரிவால்வர் தோட்டா கருமருந்துக் காலத்துக் கேஸ், உள்ளே இடம் தாராளம், குறி பார்த்துச் சுட மட்டும் போடும் லேசான டார்கெட் லோடுக்கு இப்போதைய பவுடர் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். கவனம் சிதறி இரண்டு தடவை விழுந்தாலும் வழியாது, புல்லட்டை உட்காரவைத்த பிறகு வெளியிலிருந்து கண்டுபிடிக்கவும் முடியாது. பவுடரே விழாமல் போனால் அதுதான் ஸ்க்விப்: பிரைமர் மட்டும் வெடித்து, புல்லட் பேரலுக்குள் பாதியில் நின்றுவிடும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் பேரலே வெடிக்கும். சத்தம் 'டப்' என்று சப்பையாகக் கேட்டாலோ உதை குறைந்தாலோ உடனே நிறுத்துங்கள், மேட்சில் டைமர் ஓடினாலும் சரி, துப்பாக்கியைக் காலி செய்து பேரலில் கம்பி விட்டுப் பாருங்கள். பெட்டியில் வைக்கும் முன் ஒவ்வொரு பிரைமர் மேலும் விரலை ஓட்டுங்கள். கேஸ் மட்டத்துக்கு மேல் துளி துருத்தினாலும் ஒதுக்கிவிடுங்கள்.

இவ்வளவு கஷ்டம் எதற்கு, கடைத் தோட்டா போதாதா? சாதாரணப் பயிற்சிக்குப் போதும். ஆனால் 1,000 கஜத்தில் எஃப்-கிளாஸ் (தூர ரைபிள் போட்டி) சுடுகிறவர்கள் பெரும்பாலும் தானே லோடு பண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. வினாடிக்கு 30 அடி வேக வித்தியாசம் 100 கஜத்தில் தெரியவே தெரியாது, 1,000 கஜத்தில் அது உயரவாக்கில் பல அங்குலம். ஒரே லாட்டில் (ஒரே தொகுப்பில்) வந்த கேஸ், எடை பார்த்துப் போட்ட பவுடர், உங்கள் பேரலுக்கு ஏற்ற நீளத்தில் உட்காரவைத்த புல்லட், இதைப் பொறுமையாகச் செய்கிறவர் போட்ட ரவுண்ட் கடை ரவுண்டைத் தாராளமாக மிஞ்சும். யுஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்காவின் பிராக்டிகல் ஷூட்டிங் சங்கம்) மேட்சிலும் குரோனோ, அதாவது புல்லட் வேகமானி, வைத்து அளப்பார்கள். புல்லட் எடையை கிரெயின் என்கிற சின்ன எடை அளவிலும் வேகத்தை வினாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் குறைந்தது 125 வர வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் சுட்டது கணக்கிலேயே சேராது.

ஜிப்லாக் பையில், கேஸ் அடியில் ஒவ்வொன்றிலும் வேறு வேறு கம்பெனி முத்திரையோடு, ரேஞ்சில் தெரிந்தவர் விலை குறைவாக நீட்டுவாரே, அதைத் தொடாதீர்கள். தோட்டா செய்து விற்பதைத் தொழிலாகச் செய்ய இங்கே மத்திய அரசின் டைப் 06 லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் உள்ள இடத்தில் வாங்கினாலும் பெரும்பாலான துப்பாக்கிக் கம்பெனிகள் ரீலோடு சுட்டு வந்த சேதத்துக்கு வாரன்டி தருவதில்லை, மேனுவலை எடுத்துப் படியுங்கள்.

அப்புறம், எத்தனை கிரெயின் பவுடர் என்று கமென்ட்டில் கேட்காதீர்கள், நான் சொல்ல மாட்டேன், வேறு யாராவது சொன்னாலும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பவுடர் கம்பெனி வெளியிடும் லோடு டேட்டாவில் உங்கள் புல்லட்டுக்கான வரியைப் பார்த்து, தொடக்க அளவிலிருந்து மட்டும் ஆரம்பியுங்கள்.