எருமைக் கொம்பு, மேப்பிள், தசைநாண்: உதுமானிய வில் எப்படி உருவாகிறது?

[திரையில்: மேசை மேல் நாண் கழற்றிய ஒரு வில். இரண்டு நுனிகளும் கிட்டத்தட்ட தொட்டுக்கொள்கின்றன.]

இந்த வில்லில் நாணை எப்படிப் பூட்டுவீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம். இருக்கிற வளைவிலேயே இரண்டு நுனியையும் ஒரு கயிற்றால் இணைத்தால் வேலை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கேதான் ஏமாந்துபோவோம். இதை முழுக்க எதிர்ப்பக்கமாகத் திருப்பி வளைத்து, அப்புறம்தான் நாணேற்ற வேண்டும். அதாவது அம்பைத் தொடுவதற்கு முன்பே, நாணேற்றும்போதே, இந்த வில் ஏகப்பட்ட விசையைத் தனக்குள் அடக்கிவைத்துக்கொள்கிறது.

துருக்கியரின் உதுமானியப் பேரரசின் கூட்டு வில் இது. கூட்டு என்றால் மூன்று சரக்கு: மேப்பிள் மரம், எருமைக் கொம்பு, மாட்டுக் காலின் தசைநாண், அதாவது தசையை எலும்போடு பிணைக்கிற நார். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கொம்பையும் தசைநாணையும்தான் புகழ்வார்கள். என்னைக் கேட்டால் நாலாவதாக ஒன்று இருக்கிறது, பெரும்பாலான வேலையும் அதைச் சுற்றித்தான்: பசை.

சரி, முதலில் இத்தனை சரக்கு ஏன் என்று பார்த்துவிடலாம். ஒரு குச்சியை வளைத்தால் அதன் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும், நடுவில் பெரிதாக ஒன்றும் நடக்காது. வெறும் மரத்தில் ஆளுயர வில் செய்தால் பிரச்சினை இல்லை, வளைவு நீளம் முழுக்கப் பரவிவிடும். ஆனால் குதிரை மேல் உட்கார்ந்திருப்பவனுக்கு நாலடி வில்தான் தோது, அந்த நாலடியை அதே அளவுக்கு இழுத்தால் மரம் பிளந்துவிடும். அதனால் இழுபடும் பக்கத்தில் தசைநாண், நசுங்கும் பக்கத்தில், அதாவது எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கத்தில், கொம்பு. இழுவிசையைத் தாங்குவதில் தசைநாண் வில் மரத்தைவிடச் சுமார் நாலு மடங்கு, நசுக்குவிசையைத் தாங்குவதில் கொம்பு நல்ல கடின மரத்தைவிடச் சுமார் இரண்டு மடங்கு. நடுவில் இருக்கும் மரத்துக்கு, இரண்டையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் முக்கிய வேலை.

[திரையில்: ஐந்து மரத் துண்டுகள் வரிசையாக.]

மரம் ஒரே துண்டு இல்லை. நடுவில் கைப்பிடி, இருபுறமும் வளைகிற தண்டு, கடைசியில் விறைப்பான இரண்டு நுனிகள். ஆப்பு வடிவில் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒட்டுவார்கள். மேப்பிளை எடுத்ததற்குக் காரணம் பலம் மட்டும் இல்லை, அது பசையை நன்றாகக் குடிக்கும். நுனிகள் வளையாது, வளையவும் கூடாது, அவை நெம்புகோல் மாதிரி வேலை செய்து, கடைசிவரை இழுக்கும்போது கைக்குக் கொஞ்சம் சலுகை கொடுக்கும்.

கொம்புக்கு எருமைதான். பசுவின் கொம்பில் பொதுவாக இவ்வளவு நீளமான பட்டை கிடைக்காது. ஒரே எருமையின் இடது, வலது கொம்புகளை ஜோடியாக எடுத்தால் வில்லின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளையும். கொம்பின் வெளி வளைவிலிருந்து நீளமாகப் பட்டை அறுத்து, வெந்நீரில் போட்டு இளக்கி, அழுத்தி நேராக்குவார்கள்.

இனிமேல்தான் விஷயம். ஒட்டப்போகும் முகத்தில், கொம்பிலும் மரத்திலும், பல் வைத்த ஒரு சுரண்டியால் நீளவாக்கில் கோடு கோடாகப் பள்ளம் போடுவார்கள். கொம்பில் உள்ள மேடு மரத்தில் உள்ள பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். பசை பிடிக்கும் பரப்பும் கூடும், பட்டை பக்கவாட்டில் நழுவவும் முடியாது. சுரண்டிய பிறகு அந்த முகத்தில் விரல் படக் கூடாது. கொம்பிலேயே கொஞ்சம் கொழுப்பு இருக்கும், அதோடு நம் கை எண்ணெயும் சேர்ந்தால் பசை பிடிக்காது. அது இன்றைக்குத் தெரியாது, வில்லை வளைக்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

பசை எதிலிருந்து வருகிறது? தசைநாண் கழிவையும் தோலையும் தண்ணீரில் மெதுவாகக் காய்ச்சி எடுப்பது ஒன்று. நம் ஊர் ஆசாரிகள் பெவிகாலுக்கு முன்னால் காய்ச்சிய வச்சிரப் பசைக்குச் சொந்தம்தான் இது. இன்னொன்று மீன் பசை, ஸ்டர்ஜன் மீனிலிருந்து எடுப்பது. கொம்பை ஒட்ட மீன் பசையைத்தான் உசத்தியாக நினைத்தார்கள். எதுவானாலும் கொதிக்கவிடக் கூடாது. 60 டிகிரி சூட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது, தளபுளவென்று கொதித்துவிட்டால் பசையின் பலம் போய்விடும். வாசனையைப் பற்றிக் கேட்காதீர்கள், குடியிருப்புக்குள் செய்கிற வேலை இல்லை.

காய்ச்சியதை உடனே கெட்டியாகப் பூசி ஒட்டிவிட மாட்டார்கள். முதலில் நீர்க்க, சூடாக, ஒரு பூச்சு. காயவிட்டு இன்னொன்று. இப்படி மரமும் கொம்பும் இதற்கு மேல் குடிக்காது என்கிற அளவுக்கு, மேலே பளபளப்பு வரும்வரை பூச்சு ஏறும். அப்புறம்தான் இரண்டையும் சூடுபடுத்தி, சேர்த்து, கைப்பிடியிலிருந்து நுனி நோக்கிக் கயிற்றை இறுக்கிச் சுற்றுவார்கள். கிளாம்ப் இல்லாத காலம், அதனால் கயிற்றை முறுக்கி இழுக்கவென்றே ஒரு நெம்புகட்டை உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓரத்தில் பசை பிதுங்கி வர வேண்டும், வந்தால்தான் உள்ளே காற்று இல்லை என்று அர்த்தம். கைப்பிடி நடுவில் இரண்டு கொம்புப் பட்டைகளும் சந்திக்கிற இடத்தில் எலும்பிலோ தந்தத்திலோ ஒரு சின்னத் துண்டை அடைப்பார்கள். பிறகு மாதக்கணக்கில் காயவிடுவதுதான்.

[திரையில்: காய்ந்த தசைநாணை மரக்கட்டை மேல் வைத்துத் தட்டுதல்.]

அடுத்தது தசைநாண். மாட்டின் பின்னங்காலில் குதிகாலுக்கு மேலே ஓடுகிற தடித்த நாண் இது. காயவைத்தால் தேன் நிறத்தில், கண்ணாடிக் குச்சி போல் விறைத்துவிடும். கொட்டாப்புளியால் தட்டத் தட்ட வெளுத்து நார்நாராகப் பிரியும். அந்த நாரை இன்னும் பிரித்து, சீப்பால் சீவி, நீளவாரியாகக் கட்டுக்கட்டாக வைத்துக்கொள்ள வேண்டும். பொறுமையைச் சோதிக்கிற வேலை, வீடியோவில் முப்பது நொடியில் ஓடிவிடும், நிஜத்தில் ஓடாது.

ஒவ்வொரு கட்டையும் சூடான பசையில் முக்கி, வழித்து, வில்லின் முதுகில், அதாவது இழுபடும் வெளிப்பக்கத்தில், படுக்கவைத்து மறுபடி சீவுவார்கள். ஒரு நார் கூடக் குறுக்கே கிடக்கக் கூடாது. ஒரு கட்டு முடிகிற இடத்துக்கு நேராகப் பக்கத்துக் கட்டும் முடியக் கூடாது. தசைநாணும் கொலாஜன் என்கிற புரதம், அதைக் காய்ச்சி எடுத்த பசையும் கொலாஜனிலிருந்து வந்ததுதான், அதனால் காய்ந்த பிறகு நார் எங்கே முடிகிறது, பசை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. இந்தக் காலத்து எபாக்ஸி பசை போட்டால் வேலை சுலபமாகுமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எபாக்ஸி நாருக்குள் இப்படி இறங்காது, முக்கியமாக, காயும்போது இப்படிச் சுருங்காது. இந்தச் சுருக்கம்தான் நமக்கு வேண்டும். காயக் காயத் தசைநாண் வில்லைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு அடுக்கு காய்ந்த பிறகு இன்னொன்று போட்டு, நுனிகளை இணைத்துக் கயிறு கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொண்டே வருவார்கள். தொடக்கத்தில் பார்த்த அந்தத் தலைகீழ் வளைவு இப்படித்தான் வருகிறது.

அப்புறம் காத்திருக்க வேண்டும். ஒரு வருடம் சாதாரணம், அதற்கு மேல் கிடந்தாலும் நல்லதுதான். ஒரே ஒரு வில்லுக்காக யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், வெவ்வேறு கட்டத்தில் பல வில்கள் பட்டறையில் தொங்கும். சீனாவின் பழைய கைவினை நூல் ஒன்று இதைப் பருவவாரியாகவே பிரித்து வைத்திருக்கிறது: குளிர்காலத்தில் மரத்தைப் பிள, வசந்தத்தில் கொம்பை ஊறவை, கோடையில் தசைநாணைப் பதப்படுத்து, இலையுதிர்காலத்தில் மூன்றையும் சேர்.

முதல் நாணேற்றம்தான் ஆபத்தான கட்டம். இதமான சூடு காட்டி, வளைந்த மர அச்சுகளில் வைத்துக் கட்டி, படிப்படியாக எதிர்ப்பக்கம் திருப்புவார்கள். அவசரப்பட்டால் நுனி முறுக்கிக்கொள்ளும், அல்லது கொம்பு மரத்தை விட்டுப் பெயர்ந்துவரும். நாண் பூட்டியதும் இரண்டு பக்கமும் சமமாக வளைகிறதா என்று பார்த்து, விறைப்பான பக்கத்தில் கொம்பை அரத்தால் கொஞ்சம் ராவிக் குறைப்பார்கள். பிறகு முதுகில் மெல்லிய தோல் அல்லது பிர்ச் மரப்பட்டை, அதன் மேல் வண்ணம், வார்னிஷ், சிலவற்றில் தங்க வேலைப்பாடு. செய்தவர் பெயரும் வருடமும் எழுதிய பழைய வில்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இந்த மேல்பூச்சு அழகுக்கு மட்டும் இல்லை, ஈரத்தைத் தடுக்கத்தான் முதலில்.

ஏனென்றால் தண்ணீரில் கரைகிற பசை ஈரத்தில் இளகும். முகலாயர் கால இந்தியாவில் இதே கொம்பு வில்லும் இருந்தது, முழுக்க எஃகிலான வில்லும் இருந்தது. எஃகு வில் கனம், அம்பை அவ்வளவு வேகமாகத் தள்ளாது, ஆனால் மழைக்காலம் முழுக்க ஆயுதக் கிடங்கில் கிடந்தாலும் பிரிந்துவராது. சென்னையில் கொம்பு வில் வைத்திருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் அதைக் காய்ந்த பெட்டிக்குள் வைத்துவிடுவது நல்லது.

இத்தனை பாடுபட்டு என்ன கிடைத்தது? இஸ்தான்புல்லில் ஓக்மெய்தானி என்று ஒரு திடல், 1453இல் நகரைப் பிடித்த உதுமானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் வில்லாளிகளுக்காக ஒதுக்கியது. சாதனை அம்பு விழுந்த இடத்தில் கல் நடுவார்கள், சில கற்கள் இன்றும் நிற்கின்றன. தோஸ்கோபரான் இஸ்கந்தர் என்பவர் பெயரில் 845 மீட்டர் பதிவாகியிருக்கிறது. போர் அம்பு இல்லை, தூரத்துக்கென்றே செய்த லேசான குட்டை அம்பு, அதை மறந்துவிடக் கூடாது. 1795இல் லண்டனில் துருக்கித் தூதரகச் செயலாளர் மஹ்முத் எஃபெண்டி 480 கஜத்துக்கு மேல், அதாவது சுமார் 440 மீட்டர் எய்து காட்டினார், ஆளுயர நெடுவில்லில் பழகிய ஆங்கிலேயர்கள் அசந்துபோனார்கள். துருக்கிய வில்வித்தை 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

நீங்களே செய்து பார்க்க ஆசையா? நேராகக் கொம்பில் கை வைக்காதீர்கள். சாதாரண மர வில் ஒன்றின் முதுகில் தசைநாண் ஒட்டிப் பழகுங்கள், பசை காய்ச்சும் பக்குவம் அதிலேயே பிடிபடும். முக்கியமாக, நாணேற்றிய வில்லை அம்பு இல்லாமல் இழுத்து விடவே விடாதீர்கள், அம்புக்குப் போக வேண்டிய விசை வில்லுக்கே திரும்பி, உடைத்துவிடும்.

இந்த நாணை மூன்று விரலால் இழுப்பதில்லை, கட்டைவிரலில் மோதிரம் போட்டு இழுப்பார்கள். அந்த மோதிரம் அடுத்த வீடியோவில்.