"வீட்டுக்கு வந்ததும் கத்திடறேன்": பிளஸ் ஒன் மாணவியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். வந்திருக்கிற கேள்விகள்ல இன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான் எடுத்துக்கிறேன். பிளஸ் ஒன் படிக்கிற பொண்ணு அனுப்பினது. அப்படியே வாசிக்கிறேன்: "ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் நல்லாத்தான் பேசுறேன். டியூஷன் முடிச்சு ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவேன். அம்மா 'டெஸ்ட் என்னாச்சு'ன்னு கேட்டா போதும், கத்திடறேன். அஞ்சு நிமிஷத்துல நானே அழுதுடறேன். எல்லாரும் திமிருன்னு சொல்றாங்க. கோபத்தை எப்படி அடக்குறது?"

சரிம்மா. ஏழு மணிக்கு வெடிக்குதுன்னு சொல்ற. ஆனா அது ஏழு மணிக்கு ஆரம்பிச்சது இல்ல. அனேகமா உன் நாள் இப்படித்தான் போயிருக்கும்: மத்தியானம் பன்னெண்டரைக்குச் சாப்பிட்டது. அதுக்கப்புறம் டியூஷன் வாசல்ல ஒரு டீ, ரெண்டு பிஸ்கட். காலையில அஞ்சு மணிக்கு எழுந்தது. டெஸ்ட் பேப்பர் குடுத்தப்ப பக்கத்துல இருந்தவ மார்க்கை எட்டிப் பார்த்தா, நீ சிரிச்சுச் சமாளிச்ச. நாள் முழுக்க முகத்தைச் சரியா வச்சுக்கிட்டே இருந்துட்டு, எங்க கத்தினாலும் நம்மளை விட்டுப் போகமாட்டாங்களோ அங்க வந்து கொட்டுறோம். அதனாலதான் அம்மா மாட்டுறாங்க. டீச்சர் மாட்டுறதில்ல.

திமிரா? இல்ல. ஆபத்து, அவமானம் மாதிரி எதாவது தெரிஞ்சா மூளைக்குள்ள அமிக்டலான்னு ஒரு பகுதி உடனே உடம்பை உசுப்பிவிடும். "இரு, யோசி"ன்னு நிறுத்துறது நெத்திக்குப் பின்னாடி இருக்கிற மூளையோட முன்பகுதி. அது முழுசா முதிர்ச்சியடைய இருபத்தஞ்சு வயசை ஒட்டி ஆயிடும். அதனால உன் வயசுல வேகம் அதிகம், பிரேக் கொஞ்சம் லேட். இது காரணம்தான், கத்துறதுக்கு லைசன்ஸ் இல்ல. பழக்கினா பிரேக் இப்பவே நல்லா பிடிக்கும்.

அடக்குறதைப் பத்திக் கேட்ட. முகத்துல காட்டாம முழுங்கினா உள்ள இருக்கிறது குறையறதில்ல. இதயத்துடிப்பு, உடம்போட இறுக்கம் எல்லாம் அப்படியேதான் இருக்கும், சில பேருக்குக் கூடவும் செய்யும். அதைத்தான் நீ ஸ்கூல்ல காலையிலேர்ந்து பண்ணிட்டு இருக்க. அப்ப தலகாணியக் குத்து, கத்தித் தீர்த்துடுன்னு சிலர் சொல்வாங்க. அதுவும் வேலைக்கு ஆகாது. 2002-ல பிராட் புஷ்மன்னு ஒரு உளவியல் ஆய்வாளர் இதைச் சோதிச்சுப் பார்த்தார். கோபப்படுத்தின ஆளை நினைச்சுக்கிட்டே குத்துப்பையைக் குத்தினவங்களுக்குத்தான் கோபம் அதிகமா இருந்தது. சும்மா உக்காந்திருந்தவங்களுக்குக் குறைவா இருந்தது. குத்தும்போது மனசுல அந்தச் சண்டையே திரும்பத் திரும்ப ஓடுதுல்ல, அதான்.

அப்ப என்ன பண்ணலாம்? ஒரு வாரத்துக்கு எதையும் மாத்த வேண்டாம். கவனிச்சு எழுது, போதும். ரஃப் நோட்டோட கடைசிப் பக்கம் போதும். எத்தனை மணி, என்ன நடந்துச்சு, கடைசியா எப்ப சாப்பிட்ட, முந்தின நாள் எத்தனை மணி நேரம் தூங்கின, உடம்புல எங்க தெரிஞ்சது, கோபம் பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவு. ஒரு வரி எழுதினா போதும். பொம்பளைப் பிள்ளைங்க பீரியட்ஸ் தேதியையும் குறிச்சுக்கங்க. வர்றதுக்கு முந்தின சில நாள் எரிச்சலும் அழுகையும் கூடுறது நிறைய பேருக்கு உண்டு. ரெண்டு மூணு மாசம் குறிச்சாத்தான் அது பிடிபடும். ஒவ்வொரு மாசமும் படிப்பையே கெடுக்கிற அளவுக்கு இருந்தா டாக்டர்கிட்ட சொல்லணும், பொறுத்துக்கிட்டு இருக்கக் கூடாது. ரத்தசோகை இருந்தாலும் அசதியும் சிடுசிடுப்பும் வரும். ஸ்கூல்ல வாராவாரம் குடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையத் தூக்கிப் போடாம, சாப்பிட்டுட்டுப் போடுங்க. வெறும் வயித்துல போட்டா குமட்டும். அதுக்காகத்தான் பாதிப் பேர் ஜன்னல் வழியா எறியிறாங்க.

அந்த நோட்டுல முக்கியமானது, உடம்புல எங்க தெரிஞ்சதுன்னு எழுதுறதுதான். எல்லாருக்கும் பத்துக்குப் போறதுக்கு முன்னாடி நாலுல, அஞ்சுல ஒரு அடையாளம் வரும். காது சூடாகும், பல்லு கடிபடும், தொண்டை அடைக்கும், பேச்சு வேகமாகும். உன்னோடது எதுன்னு கண்டுபிடி. நாலுல பிடிச்சா நிறுத்தலாம். எட்டுக்குப் போனப்புறம் எந்த டெக்னிக்கும் ஞாபகம் வராது, அப்ப இடத்தை விட்டு நகர்றது ஒண்ணுதான் வழி.

நாலுல இருக்கும்போது மூச்சு. மூக்கு வழியா நாலு எண்ற வரைக்கும் உள்ள இழு, வாய் வழியா ஆறு எண்ற வரைக்கும் மெதுவா விடு. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். ரெண்டு மூணு நிமிஷம் செய். வெளிய விடுறது நீளமா இருக்கணும், அப்பதான் இதயத்துடிப்பு இறங்கும். இதுல எல்லாரும் பண்ற தப்பு, வேக வேகமா பெரிய பெரிய மூச்சா இழுக்கிறது. அப்படி இழுத்தா தலை சுத்தும், விரல் மதமதன்னு ஆகும், பயம் கூடிடும். வயித்துல கை வச்சுப் பாரு. வயிறு எழும்பணும், தோள் ஏறக் கூடாது. அடுத்த தப்பு, சண்டை நடுவுல முதல் தடவையா முயற்சி பண்றது. தினமும் படுக்கப் போறப்ப அஞ்சு நிமிஷம் பழகு. ரெண்டு வாரம் பழகினப்புறம்தான் சண்டை நேரத்துல கைகொடுக்கும்.

அப்புறம், உள்ள இருக்கிறது என்னன்னு சொல்லிப் பாரு. வாய்க்குள்ளயே சொன்னாப் போதும். மேத்யூ லீபர்மன் குழு 2007-ல செஞ்ச ஆய்வுல கோபமான, பயந்த முகங்களோட படத்தைக் காட்டி, அது என்ன உணர்ச்சின்னு பேர் சொல்லச் சொன்னாங்க. பேர் சொன்னப்ப அமிக்டலாவோட வேகம் குறைஞ்சது. உன் விஷயத்துல மேல தெரியறது கோபம். கீழ பயம் இருக்கலாம், மார்க் போச்சேன்னு. அவமானம் இருக்கலாம். பொறாமை இருக்கலாம், அதுல கேவலம் ஒண்ணும் இல்ல. வெறும் பசியாக்கூட இருக்கலாம். எதுன்னு தெரிஞ்சுக்க வேண்டியது ஏன்னா, ஒவ்வொண்ணுக்கும் செய்ய வேண்டியது வேற. பயம்னா எந்த ரெண்டு பாடத்துல மார்க் போச்சுன்னு எழுதி, நாளைக்கு யார்கிட்ட கேக்கணும்னு முடிவு பண்ணு. அவமானம்னா நம்பிக்கையான ஒரு ஆள்கிட்ட சொல்லிடு. பசின்னா தத்துவம் எல்லாம் வேண்டாம், சாப்பிடு. வேர்க்கடலை, சுண்டல், வாழைப்பழம் எதாவது பையில வச்சுக்கிட்டு டியூஷன் முடிஞ்சதும் சாப்பிட்டுட்டே வீட்டுக்கு வா. இந்த ஒண்ணை மாத்தினதுமே பாதி சண்டை நின்னுபோற வீடு நிறைய.

இப்ப வாசல்ல நடக்கிறதுக்கு வருவோம். ஞாயித்துக்கிழமை சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் சும்மா இருக்கும்போது அம்மாகிட்ட முன்கூட்டியே பேசி வச்சுக்க. "அம்மா, எனக்குக் கோபம் ஏறுச்சுன்னா இருபது நிமிஷம் குடும்மான்னு கேப்பேன். அப்ப பின்னாடியே வந்து கேக்காத. நானே வந்து பேசுறேன்." முன்னாடியே பேசி வைக்காம, சண்டையில திடீர்னு எழுந்து போனா, மதிக்காமப் போறாளேன்னு அவங்களுக்கு இன்னும் ஏறும். இருபது நிமிஷம் கழிச்சு நீ கட்டாயம் வரணும். ரெண்டு தடவை வராம ஏமாத்தினா மூணாவது தடவை அவங்க விடமாட்டாங்க, நியாயம்தான். தனி ரூம் இல்லையேன்னு கேப்பீங்க. மொட்டை மாடி, பாத்ரூம், பக்கத்துக் கடையில பால் வாங்கிட்டு வர்றது, எல்லாமே இருபது நிமிஷம்தான். அந்த நேரத்துல போன் மட்டும் வேண்டாம். ரீல்ஸ் பார்த்தா இருபது நிமிஷம் ஒன்றரை மணி நேரமாகும், ஃப்ரெண்டுக்கு மெசேஜ் போட்டா சண்டை மறுஒளிபரப்பு ஆகும். முகம் கழுவு, நட, துணி மடி.

கத்திட்டா? கத்துவ, ரெண்டு மூணு தடவை கண்டிப்பா நடக்கும். அழுது முடிச்சதும் மன்னிப்பு சுருக்கமா இருக்கட்டும். "உன்ன வாயை மூடுன்னு சொன்னது தப்பும்மா. டெஸ்ட்டுல மார்க் போச்சு, அதான் பயம்." இதோட நிறுத்து. "ஆனா நீயும்தான்"னு ஆரம்பிச்சா அது மன்னிப்பு இல்ல, ரெண்டாவது ரவுண்டு.

தூக்கம் பத்தி ஒரு வார்த்தை. பதிமூணுலேர்ந்து பதினெட்டு வயசுக்கு 8-லேர்ந்து 10 மணி நேரம் தேவை. இந்த வயசுல தூக்கம் வர்ற நேரமே தள்ளிப்போகும், அது சோம்பேறித்தனம் இல்ல. ஆனா அஞ்சு மணி அலாரம் தள்ளிப்போகாது. அதனால சாயங்காலம் ஆறுக்கு மேல காபி, டீ வேண்டாம். குடிச்ச காபியில இருக்கிற காஃபீன்ல பாதி அஞ்சு மணி நேரம் கழிச்சும் உடம்புல இருக்கும். போன் படுக்கைக்குப் பக்கத்துல சார்ஜ் ஆகக் கூடாது, ஹால்ல ஆகட்டும். ராத்திரி பதினோரு மணிக்குப் பார்த்த புளூ டிக்குக்குப் பதில் வரலைன்னு வர்ற வருத்தம் காலையில பாதியா இருக்கும். கோபத்துல மெசேஜ் அடிக்கணும்னா நோட்ஸ்ல அடிச்சு வை, மறுநாள் சாப்பிட்டதும் படிச்சுட்டு அனுப்பணுமான்னு பாரு.

அம்மா அப்பா பார்த்துக்கிட்டு இருந்தா உங்களுக்கும் ஒண்ணு. பொண்ணு செருப்பைக் கழட்டும்போதே மார்க் கேக்காதீங்க. தட்டுல எதாவது வைங்க. முக்கால் மணி நேரம் கழிச்சுக் கேட்டாலும் மார்க் அதே மார்க்தான். "திமிரு"ங்கிறதுக்குப் பதிலா "இன்னைக்கு என்னமோ நடந்திருக்கு போல"ன்னு சொல்லிட்டுப் பக்கத்துல உக்காருங்க. உடனே பதில் வராது, விடுங்க.

இதுக்கெல்லாம் அடங்காத நிலையும் உண்டு. ரெண்டு வாரத்துக்கு மேல அனேகமா தினமும் சோகம் இல்ல எரிச்சல், பிடிச்ச விஷயம் எதுலயும் ஆர்வம் இல்லாமப் போறது, சாப்பாடும் தூக்கமும் ரொம்ப மாறுறது, ஸ்கூலுக்குப் போகவே முடியாமப் போறது, இதெல்லாம் இருந்தா டாக்டரையோ மனநல ஆலோசகரையோ பார்க்கணும். உன்னை நீயே காயப்படுத்திக்கணும், செத்துப்போகணும்னு தோணினா ரெண்டு வாரம் எல்லாம் காத்திருக்காத, அன்னைக்கே பெரியவங்க ஒருத்தர்கிட்ட சொல்லு. 14416-க்கும் கூப்பிடலாம், அது டெலி மனஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்ல பேசலாம். வீட்டுலயோ வெளியிலயோ யாராவது அடிக்கிறாங்க, தப்பா நடந்துக்கிறாங்க, அதனாலதான் இந்தக் கோபம்னா குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடு. அங்க மூச்சுப் பயிற்சி தீர்வு இல்ல, உன்னைப் பாதுகாக்கிறதுதான் முதல் வேலை.

அந்த ரஃப் நோட்டுப் பக்கத்தை யாரும் படிச்சுடுவாங்களோன்னு பயம் இருந்தா, நேரமும் நம்பரும் மட்டும் எழுது, மத்ததுக்கு உனக்கு மட்டும் புரியுற மாதிரி ஒரு எழுத்துப் போட்டுக்க. அடுத்த கேள்வி, பரீட்சை ஹால்ல கை நடுங்குறதைப் பத்தி. அதை அடுத்த வீடியோவுல பார்ப்போம்.