ரசச் சொம்பும் மகளின் பூப்பும்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆய்வுப் பணிகளுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் அவர்களே, அருமையான வரவேற்புரை தந்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

காரீயம், காட்மியம், பாதரசம் மூன்றையும் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். நேரம் கருதி, சமையல் பாத்திரத்திலிருந்து இறங்கும் காரீயம் நம் மகள்களின் பூப்பை எப்படித் தொடுகிறது என்பதையே பெரிதும் பேசுகிறேன்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். காரீயத்துக்குத் தொட்டில்கூட வேண்டாம், கருப்பையே போதும். மெக்சிகோ நாட்டு மண்சட்டியின் கதையைக் கேளுங்கள். சட்டியை வனைந்த குயவர் 'கிரேட்டா' என்ற பொடியைத் தண்ணீரில் கரைத்து உள்ளே பூசுவார். அது காரீய ஆக்சைடு. சுட்டதும் கண்ணாடிபோல் மின்னும். ஆனால் சூளையின் சூடு போதாததால் காரீயம் முழுக்கப் பிணையாது. அந்தச் சட்டியில்தான் தக்காளிச் சாறு கொதிக்கும். புளிப்பு காரீயத்தைக் கரைத்து இறக்கும். சட்டியும் மின்னும், சாறும் மணக்கும், நாக்குக்கு ஒன்றும் தெரியாது. சாப்பிடும் சிறுமியின் உடம்பு அதைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துவைக்கும். பல பத்தாண்டுகள் அது அங்கேயே இருக்கும். அவள் வளர்ந்து கருவுற்றதும், பிள்ளைக்குக் கால்சியம் கொடுக்க எலும்பு கரையும். சேர்ந்திருந்த காரீயமும் நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகும். மெக்சிகோ நகரத்தில் தாய்மாரின் முழங்கால் சில்லை எக்ஸ் கதிரால் அளந்து, பிள்ளைகளைப் பருவ வயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள். சில்லில் காரீயம் கூடியிருந்த தாய்மாரின் மகள்கள் தாமதமாகப் பூப்பெய்தும் போக்கு தெரிந்தது.

அமெரிக்காவில் 2003இல் வந்த ஆய்விலும், இரத்தத்தில் டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு, 1 மைக்ரோகிராம் காரீயம் இருந்தவர்களைவிட 3 இருந்த கறுப்பினச் சிறுமிகளுக்குப் பருவ மாற்றங்கள் சில மாதங்கள் தள்ளிப்போயின. காட்மியமோ ஈஸ்ட்ரோஜன்போல் வேலை செய்து எலிக்குட்டிகளை முன்கூட்டியே பருவத்துக்குத் தள்ளியது. முந்தினாலும் பிந்தினாலும் கவனிக்க வேண்டும்; 'சீக்கிரம் வயதுக்கு வந்தால்தான் கவலை' என்று இருந்துவிடாதீர்கள் சகோதரிகளே.

இப்போது நம் அடுப்புக்கு வருகிறேன். நாம் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு என்றால் காரீயம் அல்ல, வெள்ளீயம் என்ற வேறு உலோகம். 232 டிகிரியில் உருகிவிடும். அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதே என்பார்கள். காரீயம் பல மடங்கு மலிவு. அதைக் கலந்துவிட்டால், மெக்சிகோவில் தக்காளி செய்ததை இங்கே புளி செய்யும். தட்டிப் பார்த்தோ பளபளப்பைப் பார்த்தோ கலப்பைச் சொல்ல முடியாது. சொம்பின் உள்பக்கத்தில் எக்ஸ்ஆர்எஃப் என்ற, எக்ஸ் கதிரால் உலோகங்களை இனங்காணும் கைக்கருவியை வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மாவட்டத்துக்கு ஒரு கருவி, பாத்திரக் கடைகளில் கட்டாயச் சோதனை. இதுதான் நம் இயக்கத்தின் கோரிக்கை.

கர்ப்பிணிகளுக்கு ஒன்று. மெக்சிகோ நகரத்தில் தினமும் இரவு 1200 மில்லிகிராம் கால்சியம் எடுத்தவர்களின் இரத்தக் காரீயம் சராசரியாக 11 சதவீதம் குறைந்தது. மருத்துவரிடம் கேளுங்கள். இரும்புச்சத்து குறைந்தால் குடல் காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். காரீயச் சோதனைக்காகக் குழந்தைக்கு விரல் நுனியில் இரத்தம் எடுக்குமுன் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், விரல் தூசியே அளவை ஏற்றிக் காட்டும். கூடுதலாக வந்தால் கையின் சிரையிலிருந்து, அதாவது இரத்தக்குழாயிலிருந்து, மறுபடி இரத்தம் எடுத்து உறுதிசெய்ய வேண்டும்.

தொட்டில் பழக்கம் என்றேன். தொட்டில் கட்டுமுன்பே சொம்பைச் சோதித்தாக வேண்டும். வாசல் மேசையில் மனு இருக்கிறது. கையெழுத்திட்டுச் செல்லுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள் இந்த மேடையிலேயே அதைப் பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.