வேகம் யாருடையது?

அவையோருக்கு வணக்கம்.

கல்யாண வீட்டில் தாம்பூலப் பை போட்டிருக்கிறீர்களா? நான் நிறையப் போட்டிருக்கிறேன். வேறு எதற்கும் லாயக்கில்லாதவனை அங்கேதான் உட்கார வைப்பார்கள். பைக்கு ஒரு தேங்காய், இரண்டு வெற்றிலை. நிமிடத்துக்கு ஐந்து பை கட்டுகிறோம். பெரியப்பா வந்து, "வேலை என்ன வேகத்துல போகுது?" என்கிறார். தேங்காய் நிமிடத்துக்கு ஐந்து குறைகிறது, வெற்றிலை பத்து குறைகிறது, பை ஐந்து கூடுகிறது. எதைச் சொல்வது?

வேதியியலிலும் இதே சிக்கல்தான். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அமோனியா ஆகிற வினையை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் ஓப்பாவ் ஆலையில் 1913-இல் பெரிய அளவில் தொடங்கியது. இன்று வயலுக்குப் போகும் யூரியாவுக்கு மூலம் அதுதான். ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறு. கிடைப்பது இரண்டு அமோனியா. மூலக்கூறுகளை எண்ண 'மோல்' என்று ஓர் அலகு உண்டு, டஜன் மாதிரி. ஒரு லிட்டர் கலத்தில் ஹைட்ரஜன் நிமிடத்துக்கு 0.6 மோல் குறைகிறது என்று வையுங்கள். அப்போது நைட்ரஜன் 0.2 மோல் குறையும், அமோனியா 0.4 மோல் கூடும். ஒவ்வொன்றையும் அதனதன் குணகத்தால், அதாவது ஒன்று, மூன்று, இரண்டு என்று மேலே சொன்ன பங்கு எண்ணால், வகுத்துப் பாருங்கள்: மூன்றும் 0.2 என்றே வரும். அதுதான் வினைவேகம். பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டிய 'ஐந்து' அது. குறைகிற பொருளுக்கு முன்னால் பாடப்புத்தகம் போடும் கழித்தல் குறியைப் பார்த்து மிரள வேண்டாம். விடை நேர்மறையாக வருவதற்காகத்தான் அது.

ஹைட்ரஜன்தான் வேகமாகத் தீர்கிறது, இல்லையா? தராசைக் கொண்டு வாருங்கள். 0.6 மோல் ஹைட்ரஜன் 1.2 கிராம்தான். 0.2 மோல் நைட்ரஜன் 5.6 கிராம். எடையில் பார்த்தால் நைட்ரஜன்தான் மளமளவென்று தீர்கிறது! தேங்காய்க் குவியலும் அப்படித்தானே, எண்ணிக்கையில் குறைவு, எடையில் அதிகம். இரண்டையும் கூட்டினால் 6.8 கிராம், 0.4 மோல் அமோனியாவின் எடையும் அதுவே. ஆக, 'மூன்று மடங்கு வேகம்' என்பது மோல் கணக்கில் மட்டும் செல்லும்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். கண்ணுக்குச் சிக்குகிற பொருளை அளந்து, சிக்காததைக் கணக்கில் பிடிக்கலாம். டைநைட்ரஜன் பென்டாக்சைடைக் கார்பன் டெட்ராகுளோரைடில் கரைத்துச் சூடாக்கினால் அது சிதைகிறது. இரண்டு மூலக்கூறு சிதைந்தால் நான்கு நைட்ரஜன் டைஆக்சைடும் ஓர் ஆக்சிஜனும் வரும். நைட்ரஜன் டைஆக்சைடு கரைசலிலேயே தங்கிவிடும். ஆக்சிஜன் மட்டும் வெளியேறும். அதைக் குழாயில் பிடித்துக் கனஅளவு பார்த்தால் போதும். ஒரு மோல் ஆக்சிஜன் வந்தால் இரண்டு மோல் சிதைந்துவிட்டது என்று பொருள். 1850-இல் சர்க்கரைக் கரைசல் அமிலத்தில் சிதைவதை ஒளி திரும்பும் கோணத்தால் அளந்த ஜெர்மன் அறிஞர் வில்ஹெல்மிக்கு இந்த வகுத்தல் தொல்லைகூட இல்லை. அங்கே எல்லாக் குணகமும் ஒன்றுதான்.

இந்தக் கணக்கு இரண்டு இடத்தில் வழுக்கும். சில வினைகளில் இடையில் தோன்றும் பொருள் தேங்கி நிற்கும். பையன்கள் முதலில் நாற்பது பையில் தேங்காயைப் போட்டுவிட்டு, வெற்றிலையை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால், அந்த நேரத்தில் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கு பொருந்துமா?

இன்னொன்றில் மாணவர்கள் தேர்வில் மாட்டிக்கொள்கிறார்கள். குணகம் இரண்டு என்பதால் பென்டாக்சைடு சிதைவது இரண்டாம் வகை வினை, அதாவது வேகம் செறிவின் இருமடிக்கு ஏற்ப மாறும் வினை, என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியானால் செறிவைப் பாதியாக்கினால் வேகம் கால்பங்காக வேண்டும். ஆய்வகத்தில் பாதிதான் ஆகிறது. அது முதல் வகை வினை. குணகம் சொல்வது பங்குக் கணக்கு. செறிவு மாறினால் வேகம் எப்படி மாறும் என்பதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பின்வரிசைக்காரர்கள் முதலில்.