கற்பனையை நோய் என்று சொல்லும் அரசு

அவையோர் அனைவருக்கும் வணக்கம். கொடுங்கோல் எதிர்காலத்தைச் சித்திரிக்கும் புனைவுகள் என்றதும் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' பலருக்கும் நினைவில் எழும். அது வெளிவருவதற்கு ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்கு முன்பே ரஷ்ய எழுத்தாளர் யெவ்கெனி சம்யாத்தின் எழுதி முடித்த 'நாம்' என்ற நாவலைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

அந்த நாவலின் 'ஒற்றை அரசில்' மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண் மட்டுமே உண்டு. வீடுகளின் சுவர்கள் கண்ணாடியால் ஆனவை. எழுவதும் உண்பதும் உறங்குவதும் நேர அட்டவணைப்படியே நடக்கும். கதையைச் சொல்லும் டி-503 ஒரு பொறியாளன். அவன் இவற்றைத் தளைகளாக உணரவில்லை என்பதும், பெருமையோடு தன் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறான் என்பதும்தான் நம்மை அச்சுறுத்த வேண்டியவை. ஒரு பெண்ணின் மீது காதல் கொண்டு, கனவுகள் கண்டு, உறக்கமிழந்து மருத்துவரிடம் செல்லும்போது, அவனுக்குள் ஆன்மா உருவாகிவிட்டது என்று அவர் நோயைச் சொல்வதுபோலச் சொல்கிறார். அதிகாரத்தின் முழு வெற்றி இதுவே என்பேன்: சுதந்திர வேட்கையை, அதை உணர்பவனே தன் உடற்கோளாறு என நம்பிவிடுகிறான்.

ஆண்டுதோறும் தலைவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கும் நாளில் ஆயிரக்கணக்கான கைகள் எதிர்ப்பாக உயர்கின்றன. மறுநாள் அரசு நாளேடு, அவர் 48ஆவது முறையாக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவிக்கிறது. அடுத்து, மூளையிலிருந்து கற்பனைத் திறனை நீக்கும் அறுவை சிகிச்சை எல்லோருக்கும் கட்டாயமாகிறது.

இதை சோவியத் ஆட்சியின் மீதான தாக்குதலாக மட்டும் படிப்பது நாவலைச் சுருக்குவதாகும். தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரத்தால் அளந்த அமெரிக்கரான டெய்லரை, தத்துவஞானி கான்ட்டை விடப் பெரிய மேதையாக டி-503 போற்றுகிறான். 1916-17இல் இங்கிலாந்தின் கப்பல் கட்டுந்தளங்களில் பனியுடைக்கும் கப்பல்களின் கட்டுமானத்தை மேற்பார்வையிட்ட பொறியாளரான சம்யாத்தின், இயந்திர ஒழுங்கின் கவர்ச்சியை உள்ளிருந்தே அறிந்தவர். ஜாரின் ஆட்சியில் சிறை சென்ற புரட்சியாளரும்கூட.

நாவல் ரஷ்யாவில் தடைசெய்யப்பட்டு, 1924இல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வெளியானது. 1929இல் அவருக்கு எதிரான பிரசாரம் தீவிரமடைந்தது. எழுத முடியாமல் தடுக்கப்படுவது எழுத்தாளனுக்கு மரண தண்டனையே என்று 1931இல் ஸ்டாலினுக்கு எழுதி, நாட்டைவிட்டு வெளியேற அனுமதி பெற்றார். 1937இல் பாரிஸில் மறைந்தார். அவருடைய சொந்த நாட்டு வாசகர்களுக்கு இந்த நாவல் அச்சில் கிடைத்தது 1988இல்தான்.