எப்போது அளந்தீர்கள்?

வணக்கம் நேயர்களே. சுற்றுச்சூழல் ஆய்வு கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, எந்தக் கருவி வாங்கலாம் என்பதுதான். கருவியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு குளத்துத் தண்ணீரை ஒழுங்காகப் பிடித்து ஆய்வகம்வரை கொண்டுவரப் பழகுங்கள், பாதிப் படிப்பு அதிலேயே முடிந்துவிடும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையே எடுத்துக்கொள்வோம். 20 டிகிரி செல்சியஸில் நல்ல தண்ணீர் காற்றிலிருந்து லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனை வாங்கி வைத்துக்கொள்ளும், 30 டிகிரியில் ஏழரைதான். ஆகவே வெப்பநிலையை எழுதாமல் ஆக்சிஜன் அளவை மட்டும் எழுதி வைத்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. பாசி மண்டிய குளத்தில் பகல் முழுக்க ஒளிச்சேர்க்கை நடந்து பிற்பகலில் ஆக்சிஜன் உச்சத்துக்குப் போகும், ராத்திரியெல்லாம் பாசியும் மீனும் நுண்ணுயிர்களும் சேர்ந்து அதைச் சுவாசித்துத் தீர்க்க, விடிகிற நேரத்தில் தரைமட்டத்துக்கு வந்திருக்கும். சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் பிற்பகலில் போய் அளந்தவர் குளம் நன்றாக இருக்கிறது என்று எழுதுவார். விடியற்காலையில் போனவருக்குத்தான் மீன்கள் ஏன் செத்து மிதக்கின்றன என்பது பிடிபடும். இரண்டு பேர் கருவியிலும் பழுதில்லை.

சரி, பாட்டிலுக்கு வருவோம். ஓடுகிற தண்ணீர் என்றால் நீரோட்டத்தைப் பார்த்தபடி நின்று பிடியுங்கள், உங்கள் கால் கிளப்பும் சேறு பின்னால் போய்விடும். கிருமிச் சோதனைக்கென்று கிருமிநீக்கம் செய்து கொடுத்த பாட்டிலை அலசவே கூடாது. ஆக்சிஜன் பார்க்கும் பாட்டிலில் ஒரு காற்றுக்குமிழிகூட நிற்கக் கூடாது. இடம், மணி, வெப்பநிலை, முந்தின நாள் மழை பெய்ததா என்பது எல்லாவற்றையும் கரையில் நின்றே எழுதிவிட வேண்டும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போச்சு.

இன்னொன்று, பலரும் தண்டச் செலவு என்று நினைத்து விட்டுவிடுவது. சுத்தமான தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டிலையும் கூடவே எடுத்துப்போய், மற்றவற்றுக்குச் செய்த எல்லாவற்றையும் அதற்கும் செய்து, அதையும் சோதிப்பது. அதில் ஏதாவது இருந்தால் அது குளத்தில் இருந்ததல்ல, நம் கைங்கரியம். அமெரிக்க வேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் பூமியின் வயதைக் கணக்கிட விண்கல்லில் உள்ள ஈயத்தை அளக்கப் புறப்பட்டார். கணக்கு உதைத்தது. பார்த்தால் ஆய்வகத்துக் காற்றிலும் தூசியிலும் கண்ணாடிக் குடுவையிலும் ரசாயனங்களிலும் ஈயம்! அறையைக் கழுவித் துடைத்து, காற்றை வடிகட்டி, ஒருவழியாக 1956-ல் சுமார் 455 கோடி ஆண்டுகள் என்ற விடையை வெளியிட்டார். வேறொருவராக இருந்தால் அதோடு எழுந்து போயிருப்பார். இவ்வளவு ஈயம் எங்கிருந்து வருகிறது என்று அவர் தோண்ட, ஈயம் கலந்த பெட்ரோலில் கொண்டுபோய் விட்டது.

பொறுமையும் கற்க வேண்டிய ஒரு முறைதான். 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது அது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் ஆண்டுதோறும் மே முதல் செப்டம்பர் வரை, வடபாதி உலகின் செடிகொடிகள் உறிஞ்சிக்கொள்வதால், அந்த அளவு இறங்கும். அந்தச் சில மாதங்களை மட்டும் அளந்துவிட்டு மூட்டை கட்டியிருந்தால் கரியமில வாயு குறைகிறது என்றே அறிக்கை வந்திருக்கும்.

புள்ளியியல், செயற்கைக்கோள் படம், வரைபட மென்பொருள் எல்லாம் கட்டாயம் வேண்டும்தான், ஆனால் அவற்றைச் சொல்லித்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எதுவும் கையில் இல்லாதவர்கள், தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்க்க உதவும் செக்கித் தட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865-ல் கடலில் சோதித்துப் பார்த்தது. ஏரி குளங்களுக்கு 20 சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு தட்டு, அளவு குறித்த கயிறு, அவ்வளவுதான். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுங்கள். ஒரே இடம், ஒரே நேரம், உச்சிவேளையை ஒட்டி. கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். நன்றி, வணக்கம்.