யாரோடு உட்காருகிறோம்?

அன்பிற்குரிய சகோதரர்களே, சகோதரிகளே! அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

நட்பு என்று பேச்செடுத்தாலே நம் நினைவுக்கு வரும் ஹதீஸ் (நபிமொழி), நல்ல நண்பரைக் கஸ்தூரி விற்பவருக்கும் கெட்ட நண்பரை உலை ஊதும் கொல்லருக்கும் ஒப்பிடுவது. அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகள் இரண்டிலும் இருக்கிறது. கஸ்தூரிக்காரர் உங்களுக்குக் கொஞ்சம் தரலாம், அல்லது நீங்கள் அவரிடம் விலைக்கு வாங்கலாம். எதுவுமில்லாவிட்டாலும் நல்ல வாசனையாவது கிடைக்கும். உலை ஊதுபவரிடம் போனால் துணி எரிந்துபோகலாம், இல்லையென்றால் கெட்ட வாடையாவது வந்து சேரும். (கொல்லர் தொழிலைக் குறைவாகச் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இஸ்லாத்துக்காக மக்காவில் அத்தனை வேதனையையும் தாங்கிய நபித்தோழர் கப்பாப் இப்னுல் அரத் (ரலி) கொல்லர்தான்.)

இதில் நாம் கவனிக்காமல் போகிற ஒன்றைச் சொல்கிறேன். உலைக்குப் பக்கத்தில் இருந்தவர் துருத்தியைத் தொடவில்லை, சம்மட்டியை எடுக்கவில்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தார். அப்படியும் அவர் துணியில் தீப்பொறி விழுந்தது. "அவங்க குடிப்பாங்க, நான் குடிக்க மாட்டேன், அவங்க புறம் பேசுவாங்க, நான் கேட்டுக்கிட்டு மட்டும்தான் இருப்பேன்" என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். நாமும்தான் சொல்கிறோம். சும்மா உட்கார்ந்திருப்பவனைப் பற்றித்தான் இந்த ஹதீஸே பேசுகிறது.

கெட்ட சகவாசத்தின் கேடு எப்போது முழுசாகத் தெரியும்? நபி (ஸல்) அவர்களின் பெரிய தந்தை அபூதாலிபின் கடைசி நேரத்தைப் பாருங்கள். நபியவர்கள் மதீனாவுக்குக் குடிபெயர்ந்த ஹிஜ்ரத்துக்கு ஏறத்தாழ 3 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. தம்பி மகனைத் தன் பிள்ளையாக வளர்த்தவர், தம் குலத்தாரான குறைஷிகள் அத்தனை பேரையும் எதிர்த்து நின்று அவரைக் காத்தவர், மரணப் படுக்கையில் கிடக்கிறார். நபி (ஸல்) அவர்கள் ஓடி வருகிறார்கள். அங்கே ஏற்கெனவே நபியவர்களை எதிர்த்த குறைஷிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள்: அபூஜஹ்லும் அப்துல்லாஹ் இப்னு அபீ உமய்யாவும். "என் பெரிய தந்தையே, லா இலாஹ இல்லல்லாஹ் (வணக்கத்திற்குரியவன் அல்லாஹ்வைத் தவிர வேறு யாருமில்லை) என்ற கலிமாவைச் சொல்லிவிடுங்கள், அல்லாஹ்விடம் உங்களுக்காகச் சாட்சி சொல்வேன்" என்று நபியவர்கள் கேட்கிறார்கள். உடனே அந்த இருவரும், "உம் தந்தை அப்துல் முத்தலிபின் மார்க்கத்தையா விடப் போகிறீர்?" என்கிறார்கள். நபியவர்கள் திரும்பத் திரும்பக் கலிமாவை எடுத்துச் சொல்ல, அவர்களும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கடைசியில் அந்த இருவர் சொன்ன பக்கமே அபூதாலிபின் வாய் போனது.

யோசித்துப் பாருங்கள். அவர்கள் அவரை மிரட்டவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி, அவ்வளவுதான். ஊர் என்ன சொல்லும், குடும்பப் பெயர் என்ன ஆகும் என்ற கூச்சத்தை அந்த நேரத்தில் கிளறிவிட்டார்கள். குர்ஆனின் அல்ஃபுர்கான் அத்தியாயத்தில், மறுமையில் தன் கைகளையே கடித்துக்கொண்டு, "ஐயோ, இன்னவனை நண்பனாக ஆக்கிக்கொள்ளாமல் இருந்திருக்கக் கூடாதா!" என்று புலம்புகிறவன் வருகிறான். அந்த வசனத்தை ஓதும்போதெல்லாம் எனக்கு இந்தப் படுக்கையறைதான் நினைவுக்கு வரும்.

சரி, நல்ல நண்பர் எப்படி இருப்பார்? எப்போதும் உபதேசம் செய்துகொண்டே இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். தம் தோழர்களான ஸல்மான் (ரலி) அவர்களையும் அபுத்தர்தா (ரலி) அவர்களையும் நபியவர்கள் சகோதரர்களாக இணைத்துவைத்தார்கள். ஸல்மான் ஒருநாள் அபுத்தர்தாவின் வீட்டுக்குப் போனால், அவர் மனைவி உம்முத்தர்தா பழைய உடையில் இருக்கிறார். ஏன் இப்படி என்று கேட்டால், "உங்கள் சகோதரருக்கு இந்த உலகத்தின் மீதே நாட்டமில்லை" என்கிறார். அப்புறம் அபுத்தர்தா வந்து சாப்பாடு வைக்கிறார். நீங்கள் சாப்பிடுங்கள், நான் நோன்பு என்கிறார். "நீர் சாப்பிடாமல் நான் சாப்பிட மாட்டேன்" என்று ஸல்மான் உட்கார்ந்துவிட்டார். அவரும் சாப்பிட்டார். இரவில் அபுத்தர்தா தொழ எழுந்தால், "தூங்கும்" என்கிறார் ஸல்மான். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்தால் மறுபடியும் "தூங்கும்". இரவின் கடைசிப் பகுதி வந்ததும், "இப்போது எழுந்திரும்" என்றார். இருவரும் சேர்ந்து தொழுதார்கள். உம் இறைவனுக்கும் உம்மிடம் உரிமை உண்டு, உம் உடலுக்கும் உண்டு, உம் குடும்பத்துக்கும் உண்டு, அவரவர் உரிமையைக் கொடுத்துவிடும் என்று பிறகு சொன்னார். "ஸல்மான் சொன்னது உண்மை" என்றார்கள் நபியவர்கள்.

அந்த மனிதரின் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத குறையை ஸல்மான் கவனித்தார். விருந்தாளியாக வந்து சாப்பிட்டுப் போய்விடலாம், போகவில்லை. இரவு தங்கி, கூடவே எழுந்து தொழுதார். இப்படி ஒருவர் உங்களுக்கு இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

விலகுவதிலும் ஓர் அளவு இருக்கிறது. அல்லாஹ்வின் வசனங்களைக் கேலி செய்கிறவர்களோடு, அவர்கள் வேறு பேச்சுக்குப் போகும் வரை உட்காராதீர்கள் என்கிறது அந்நிஸா அத்தியாயத்தின் 140-வது வசனம். பேச்சு மாறினால் உட்காரலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு குடும்பத்தின் மானம் பறக்கிறதென்றால் வெளியே வந்துவிடுங்கள். ஆனால் அந்தக் குழுவில் இருப்பவர் நோயில் விழுந்தால் போய்ப் பார்க்காமல் இருக்காதீர்கள். மது குடித்துத் தண்டனை பெற்ற ஒருவரை மற்றவர்கள் ஏசியபோது, உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவியாக ஆகிவிடாதீர்கள் என்று நபியவர்கள் தடுத்தார்கள்.

பெற்றோர்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஹதீஸில் வரும், 100 பேரைக் கொன்றவர் தவ்பா (பாவமன்னிப்பு) தேடி ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) வந்தபோது, அந்த ஆலிம் "உன் ஊருக்குத் திரும்பாதே" என்பதோடு நிறுத்தவில்லை. இன்ன ஊருக்குப் போ, அங்கே அல்லாஹ்வை வணங்கும் மக்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து வணங்கு என்று வழியும் காட்டினார். நாமோ "அவனோடு சேராதே" என்ற பாதியைத்தான் சொல்கிறோம். ஒரு பையன் பழைய கூட்டத்தை விட்டுவிட்டு வந்தால் அவனோடு பேசச் சிரிக்க, விளையாட, பக்கத்தில் நின்று தொழ இங்கே யார் இருக்கிறார்கள்? தொழுகை முடிந்து பின் வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் இளைஞரிடம் இன்றைக்கே போய்ப் பேசுங்கள். பேர் கேளுங்கள், நாளைக்கும் வரச் சொல்லுங்கள்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.